வீட்டு சர்வரில் ஹார்டு டிஸ்க் காணாமல் போகிறதா? பவர், கேபிள் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டெஸ்க்டாப்பில் நான்கைந்து ஹார்டு டிஸ்க்குகளை மாட்டி, ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற ஒரு சர்வர் மென்பொருளை நிறுவி, குடும்பப் படங்களையும் வேலைக் கோப்புகளையும் அதில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டிஸ்க் மாட்டியிருப்பவர்களுக்கும் கீழே ஒரு பகுதி உண்டு. ஒரு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் ‘டிஸ்க் போச்சு’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் கரண்ட் சரியில்லாமலோ, சில நூறு ரூபாய் கூடப் பெறாத கேபிள் பழுதாகியோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நேற்று வரை இருந்த டிஸ்க்கை இன்று காணோம். முதலில் என்ன செய்வது?

முதல் காரியம், ரீஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், என்ன நடந்தது என்ற விவரம் கெர்னல் லாக்கில், அதாவது சிஸ்டத்தின் உள்பதிவேட்டில், இருக்கிறது. டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் வரிகளை முழுதாக ஒரு கோப்பில் சேமித்து, வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை அணைத்தால் அந்த வரிகள் போய்விடும். சிஸ்டம் டிஸ்க்கே காணாமல் போயிருந்தால் டிஸ்க்கில் சேமிக்கப்படும் ஜர்னல் என்ற லாக்கிலும் எதுவும் எழுதப்பட்டிருக்காது.

அடுத்து, மற்ற டிஸ்க்குகளில் இருக்கும் முக்கியமான கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எடுங்கள். கோளாறு பொதுவான ஒரு பவர் வயரில் இருந்தால் அடுத்த டிஸ்க்கும் விழக்கூடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு முறையாக ஷட்டவுன் செய்து, சுவர் பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் திறங்கள். டேட்டா கேபிளின் இரண்டு முனைகளையும் பவர் கனெக்டரையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பலருக்கு இதிலேயே டிஸ்க் திரும்ப வந்துவிடும். ஆனால் வந்துவிட்டதே என்று அதோடு விட்டுவிடக் கூடாது. ஏன் தளர்ந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த மாதமும் இதே கதைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கேபிள், போர்ட், பவர் வயர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. பழுதான கேபிள் டப்பாவுக்குள் பத்திரமாகப் போய், அடுத்த டிஸ்க்குக்கு வந்து சேரும்.

லாக்கில் ஏகப்பட்ட வரிகள் இருக்கின்றன. எதைத் தேடுவது?

‘ஏடிஏ’ என்று தொடங்கி ஒரு எண்ணோடு வரும் வரிகளைத் தேடுங்கள். அந்த எண் எந்தப் போர்ட் என்பதைக் குறிக்கும்.

‘லிங்க் டவுன்’ என்று வந்தால் அந்தப் போர்ட்டின் மறுமுனையில் எதுவும் இல்லை என்று மதர்போர்டு சொல்கிறது. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குக்கு இப்படி வந்தால் பவர் போயிருக்கிறது, அல்லது கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது டிஸ்க்கின் போர்டு செத்திருக்கிறது. ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று திரும்பத் திரும்ப வந்து, பிறகு வேகம் 6 கிகாபிட்டிலிருந்து 3 ஆகவும், அடுத்து 1.5 ஆகவும் குறைக்கப்பட்டதாக வரிகள் இருந்தால் சிக்னல் சுத்தமாகப் போகவில்லை. அங்கே முதல் சந்தேகம் டேட்டா கேபிள் மேல்தான். ‘ஐசிஆர்சி’ என்ற எழுத்துகள் கண்ணில் பட்டாலும் அதே பொருள்: அனுப்பியது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று.

‘யுஎன்சி’ என்று வந்தால் விஷயமே வேறு. டிஸ்க் தன் தட்டிலிருந்தே அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. கேபிளை மாற்றி இது சரியாகாது.

ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ‘பாஸ்டு’ என்று வருகிறது. அப்படியானால் டிஸ்க் நல்லதுதானே?

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. அதில் வரும் அந்த ஒரு வார்த்தையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது ‘ஃபெயில்டு’ என்று மாறும். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கும் பாஸ்டு காட்டும். கீழே இருக்கும் எண்களைத்தான் பார்க்க வேண்டும். ஓபன்மீடியாவால்ட்டில் ஸ்டோரேஜ் பகுதியில் ஸ்மார்ட் என்ற பக்கத்திலேயே இவை கிடைக்கும். மற்றவற்றில் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையை டெர்மினலில் கொடுத்துப் பாருங்கள். ‘ரா வேல்யூ’ என்ற கடைசி நெடுவரிசைதான் நமக்கு வேண்டியது.

வரிசை எண் 199, சிஆர்சி பிழைகள். கேபிளிலோ கனெக்டரிலோ டேட்டா கெட்டுப் போகும்போதெல்லாம் இது ஏறும். ஏறினால் இறங்கவே இறங்காது. அதனால் 340 என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது பழைய கேபிளால் வந்ததாகக்கூட இருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் கோளாறு தீர்ந்தது.

5, 197, 198 மூன்றும் தட்டின் ஆரோக்கியம். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (தட்டில் டேட்டா இருக்கும் சிறு துண்டுகள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது சரி செய்ய முடியாதவை. இவை வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கே போகிறது, வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பவர் கோளாறைக் காட்டிக்கொடுப்பவை 12ம் 192ம். 12 என்பது டிஸ்க் எத்தனை முறை அணைந்து எழுந்தது என்ற கணக்கு. 192 என்பது கரண்ட் திடீரென்று போய், டேட்டாவைப் படிக்கும் ஹெட்டை அவசரமாக ஒதுக்கிய கணக்கு. ஒரே நாளில் மாட்டிய நான்கு டிஸ்க்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் 12ஆம் எண் 61, 61, 62 என்று இருக்கிறது, நான்காவதில் மட்டும் 188 என்றால் அர்த்தம் தெளிவு: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் கரண்ட் விட்டு விட்டு வருகிறது. அந்த டிஸ்க்கின் பவர் கனெக்டரை உடனே பாருங்கள். புது டிஸ்க் வாங்கி அதே கனெக்டரில் மாட்டினால் அதுவும் இதே போலத்தான் எண்ணத் தொடங்கும். பலர் கவனிக்காமல் விடும் ஒப்பீடு இது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

காலையில் ஆன் செய்தால் ஒரு டிஸ்க் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. ஏன்?

இது பெரும்பாலும் பவர் பிரச்சினை. 3.5 இன்ச் டிஸ்க்கின் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். சுழன்று நிலைக்கு வந்த பிறகு மொத்தமே 5 முதல் 8 வாட்தான். ஆன் செய்த அந்தச் சில நொடிகளில் எல்லா டிஸ்க்குகளும் ஒன்றாகக் கிளம்பும்போது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) தடுமாறினால், ஒரு டிஸ்க் எழுந்திருக்கத் தாமதமாகிறது. மெஷினைக் கிளப்பும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ் அதற்காகக் காத்திருப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்யும்போது டிஸ்க்குகளுக்குப் போகும் கரண்ட் நிற்பதில்லை, அவை சுழன்றுகொண்டேதான் இருக்கின்றன. அதனால் எல்லாம் உடனே தெரிகின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மற்ற டிஸ்க்குகளின் பவர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வைத்து, முழுவதும் அணைத்து ஆன் செய்யுங்கள். தனியாக இருக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸோ அதன் வயரோதான் காரணம். தனியாகவும் வராவிட்டால் டிஸ்க்கின் மோட்டார் முதுமையடைந்திருக்கலாம். ரெய்டு தொகுதியில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும்படி வைக்கும் முறை) இருக்கும் டிஸ்க்குகளானால், இந்தச் சோதனையை வேறொரு பென் டிரைவிலிருந்து பூட் செய்து பாருங்கள். சர்வரின் வழக்கமான சிஸ்டத்திலேயே பாதி டிஸ்க்குகளோடு கிளப்பாதீர்கள்.

450 வாட் என்று எழுதியிருக்கிறது. நான்கு டிஸ்க்குக்குப் போதாதா?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை விடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு எத்தனை என்று ஒரு அட்டவணை இருக்கும். அதுதான் கணக்கு. நான்கு டிஸ்க் என்றால் கிளம்பும்போது 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். அதே நொடியில் பிராசசரும் ஃபேன்களும் அதே லைனிலிருந்துதான் எடுக்கின்றன. நல்ல தயாரிப்பான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது ஒன்றுமே இல்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த, தூக்கினால் காலிப் பெட்டி போல லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் நம்ப மாட்டேன். பத்து வருடம் ஓடிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் கெப்பாசிட்டர்கள் களைத்திருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் காலியாக இருக்கும் மோலெக்ஸ் (நான்கு பின் கொண்ட பழைய வகை பவர்) கனெக்டரில் அளந்து பாருங்கள். மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஆன் செய்யும் அந்த நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். சாதாரண மீட்டர் மிகக் குறுகிய இறக்கத்தைத் தவறவிட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில பயாஸ்களிலும் ரெய்டு கார்டுகளிலும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கிளப்பும் வசதி இருக்கிறது, ‘ஸ்டேகர்டு ஸ்பின்-அப்’ என்ற பெயரில். இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஒரு சாட்டா பவர் கனெக்டரிலிருந்து நான்காகப் பிரிக்கும் வயர் வாங்கலாமா?

வேண்டாம். சாட்டா என்பது இன்றைய டிஸ்க்குகளை மாட்டும் முறை. அதன் பவர் கனெக்டரில் 15 பின்கள். அதில் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் மூன்று பின்கள்தான், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். ஆக 12 வோல்ட்டுக்கு மொத்தம் 4.5 ஆம்பியர். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் அந்த ஒரே கனெக்டர் வழியாக 8 ஆம்பியர் போக வேண்டும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பின்கள் சூடாகி, பிளாஸ்டிக் மஞ்சளித்து, பிடிப்பு தளர்ந்து, அப்புறம் ஒரு நாள் கருகும். இரண்டாகப் பிரிப்பது வரை பரவாயில்லை.

மோலெக்ஸிலிருந்து பிரிப்பது இதைவிட நல்லது, ஏனென்றால் அதன் பின்கள் தடிமனானவை. ஆனால் எந்த வகை வயர் என்று பார்த்து வாங்க வேண்டும். சாட்டா முனை ஒரே கட்டியாக பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, வயர்கள் அதற்குள் மறைந்து போவது ஒரு வகை. உள்ளே 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நெருங்கிப் போய் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. வயர்கள் பின்பக்கத்திலிருந்து தெரிய, மேலே தனி மூடி போட்டு அழுத்திப் பூட்டப்பட்டிருப்பது இன்னொரு வகை. அதை வாங்குங்கள். கடையில் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லியே வாங்கலாம்.

எதை வாங்கினாலும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக வரும் இரண்டு வயர்களில் டிஸ்க்குகளைப் பிரித்து மாட்டுங்கள். ஐந்து டிஸ்க்கும் ஒரே வயரில் தொங்க வேண்டிய அவசியமில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) வயர்களை அப்படியே புதியதில் செருகிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்துகொள்ளுங்கள். டிஸ்க் பக்கம் இருக்கும் கனெக்டருக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் சாக்கெட்டில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். வடிவம் ஒன்றாக இருப்பதால் வயர் அழகாகப் பொருந்திவிடும். ஆன் செய்ததும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், மாட்டியிருந்த எல்லா டிஸ்க்குகளும் ஒரே நொடியில் போகும். அப்படி நடந்தால் ரெய்டு இருந்தும் பயனில்லை.

நடந்துவிட்டால் ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. டிஸ்க்கின் பச்சை போர்டில் பவர் கனெக்டருக்கு அருகே டிவிஎஸ் டயோடு என்ற சிறு பாகம் உண்டு. அதிக வோல்டேஜ் வந்தால் அது ஷார்ட் ஆகி, தன்னைப் பலிகொடுத்து மற்ற சிப்களைக் காப்பாற்றும். அந்த டிஸ்க்கை மாட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸே ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். கழற்றினால் ஆன் ஆகும். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர்டு வேலை தெரிந்த டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுத்தால் டேட்டா திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் இருக்கும் சிப்பில் பதிவாகியிருக்கும். அதையும் சேர்த்து மாற்றினால்தான் ஓடும்.

எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் யுஎஸ்பியில் ஓடியது. சர்வரில் மாட்டினால் சுழலவே இல்லை. செத்துவிட்டதா?

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில் பவர் கனெக்டரின் 3ஆம் பின்னுக்குப் புது வேலை கொடுத்தார்கள். அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். டேட்டா சென்டரில் பதில் சொல்லாமல் நின்றுபோன டிஸ்க்கை தூரத்திலிருந்தே அணைத்து எழுப்புவதற்கான வசதி அது. பழைய எஸ்எம்பிஎஸ்கள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருப்பவை. ‘அணைந்தே இரு’ என்ற உத்தரவாக டிஸ்க் அதை எடுத்துக்கொள்கிறது. டபிள்யூடி எலிமெண்ட்ஸ், மை புக் போன்ற பெரிய கொள்ளளவு எக்ஸ்டர்னல் பெட்டிகளிலிருந்து எடுத்த டிஸ்க்குகளிலும், சர்வர் வகை டிஸ்க்குகள் பலவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

தீர்வு எளிது. டிஸ்க்கின் பவர் பகுதியில், டேட்டா கனெக்டருக்குப் பக்கத்தில் இருக்கும் முனையிலிருந்து எண்ணினால் முதல் மூன்று பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. டிஸ்க்குக்கு அவை தேவையே இல்லை. சூடு தாங்கும் கப்டான் டேப்பை மெல்லியதாக வெட்டி அந்த மூன்றையும் மூடிவிடுங்கள். கூர்மையான ட்வீசர் இருந்தால் வேலை சுலபம். சாதாரண செலோ டேப் சூட்டில் இளகி நகர்ந்துவிடும், அது வேண்டாம். டேப் ஒட்டப் பிடிக்கவில்லை என்றால் மேலே சொன்ன மோலெக்ஸ் வயரைப் பயன்படுத்தலாம், மோலெக்ஸில் 3.3 வோல்ட் என்பதே கிடையாது.

‘டிக்... டிக்’ என்று சத்தம் வருகிறது. டேட்டா போனதுதானா?

ஹெட் பழுதானாலும் இந்தச் சத்தம் வரும், 12 வோல்ட் போதாமல் மோட்டார் திணறினாலும் வரும். காதால் மட்டும் பிரித்தறிவது கடினம். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில், வேறு வயரில், அந்த டிஸ்க்கை மட்டும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்று டிஸ்க் தெரிந்தால் உடனே டேட்டாவை நகலெடுங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால் அணைத்துவிடுங்கள். முழு நாளும் ஆன் செய்து ஆன் செய்து பார்ப்பது ரெக்கவரி ஆளுக்கு மிச்சம் வைக்காமல் செய்துவிடும். ஃப்ரீசரில் வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். நம்மூர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும்.

டேட்டா கேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

பூட்டும் உலோக கிளிப் இருக்க வேண்டும். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். விதிப்படி அதிகபட்சம் 1 மீட்டர், வீட்டு கேபினெட்டுக்கு அரை மீட்டர் போதும். விலை உயர்ந்த கேபிள் வாங்கினாலும் வேகம் அதிகமாகாது.

மாட்டும் விதம்தான் முக்கியம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு நேர் முனை கேபிளின் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தால், ஃபேனின் அதிர்வில் கனெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிடும். அந்த இடத்தில் எல் வடிவ முனை வாங்குங்கள். அழகுக்காக எல்லா டேட்டா கேபிள்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டாதீர்கள். சாட்டா கனெக்டர் ஐம்பது முறை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் உத்தரவாதம் கொண்டது என்பதால், பல கைகள் மாறி வந்த கேபிளைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பின்கள் மங்கிப் போகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து மெல்லத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஒரு ஹார்டு டிஸ்க் காணாமல் போனது.

பல மதர்போர்டுகளில் எம்.2 சாக்கெட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்களும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2 போட்டால் அந்தப் போர்ட் அணைந்துவிடும். மதர்போர்டு கையேட்டில் எந்தப் போர்ட் என்று இருக்கும். வேறு போர்ட்டுக்கு மாற்றினால் முடிந்தது.

கூடுதல் சாட்டா கார்டில் மாட்டிய டிஸ்க்குகள் மட்டும் சில மணி நேரத்துக்குப் பிறகு விழுகின்றன.

ஒரே கார்டில் இருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒன்றாக விழுந்தால் டிஸ்க்குகளை விட்டுவிட்டு கார்டைப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் எல்எஸ்ஐ 9211 போன்ற கார்டுகள், ஃபேன்கள் சூறாவளி போல் வீசும் சர்வர் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. காற்று நகராத வீட்டு கேபினெட்டில் அவற்றின் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். ஒரு 40 மில்லிமீட்டர் ஃபேனை அதன் மேல் வைத்தாலே பலருக்குத் தீர்ந்துவிடும். இந்தக் கார்டுகளிலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரியும் கேபிளில் ‘ஃபார்வர்டு’, ‘ரிவர்ஸ்’ என்று இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். நமக்கு வேண்டியது ஃபார்வர்டு. மற்றது டிஸ்க்கைக் காட்டவே காட்டாது.

மலிவு விலை கார்டு வாங்கினால் ஏஎஸ்எம்1166 அல்லது ஜேஎம்பி585 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே போர்ட்டைப் பல போர்ட்களாகப் பிரித்துக் காட்டும் மல்டிபிளையர் கார்டுகளில் ஒரு டிஸ்க் தடுமாறினால் மற்றவையும் சேர்ந்து தடுமாறும்.

ரெய்டு ‘டிகிரேடடு’ என்கிறது. டிஸ்க்கை உடனே சேர்த்து ரீபில்டு போடலாமா?

காரணம் தெரியாமல் போடாதீர்கள். ‘டிகிரேடடு’ என்றால் தொகுதியில் ஒரு டிஸ்க் குறைகிறது என்று பொருள். ரீபில்டு என்பது விடுபட்ட டிஸ்க்கின் டேட்டாவை மீண்டும் எழுத எல்லா டிஸ்க்குகளையும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டும் வேலை. பவரோ கேபிளோ தடுமாறும் நிலையில் அதைத் தொடங்கினால் நடுவில் இன்னொரு டிஸ்க் விழுந்து, மீட்கக்கூடிய நிலையில் இருந்தது மீட்க முடியாததாகிவிடும். அணைத்து, கேபிளைச் சரி செய்து, ஸ்மார்ட் எண்களைப் பார்த்த பிறகு சேர்க்கலாம். ட்ரூநாஸ் பயன்படுத்தும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ்ஸில் விடுபட்ட நேரத்து மாற்றங்கள் மட்டுமே எழுதப்படும் என்பதால் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். முடிந்ததும் எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை ஓட்டுங்கள். லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்மின் (mdadm) பயன்படுத்துபவர்கள் எந்தச் சூழ்நிலையிலும் ‘கிரியேட்’ கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டாம்.

இசட்எஃப்எஸ் நிலவரத்தில் ‘செக்சம்’ பிழைகள் ஒரே டிஸ்க்கில் இருந்தால் அந்த டிஸ்க் அல்லது அதன் கேபிள். எல்லா டிஸ்க்குகளிலும் ஒன்று போல இருந்தால் பொதுவான ஒன்று: எஸ்எம்பிஎஸ், கார்டு அல்லது ரேம்.

பவரும் கேபிளும் சரியாக இருந்தும் டிஸ்க் ரெய்டிலிருந்து விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) வகை டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் 7 நொடியில் கைவிட்டுப் பிழை சொல்லும். டெஸ்க்டாப் வகை டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். அதற்கு மேல் போனால் லிங்க்கை ரீசெட் செய்துவிடும். ஸ்மார்ட்சிடிஎல் மூலம் இந்த நேரத்தை 7 நொடியாக மாற்றப் பல டிஸ்க்குகள் அனுமதிக்கும். அணைத்தால் பழையபடி ஆகிவிடுவதால், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அந்தக் கட்டளை ஓடும்படி வைக்க வேண்டும்.

ராஸ்ப்பெரி பையில் யுஎஸ்பி டிஸ்க் அடிக்கடி கழன்று கழன்று மாட்டிக்கொள்கிறது.

பை 4இன் நான்கு யுஎஸ்பி போர்ட்களும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். பை 5இல் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர், சாதாரண 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 0.6தான். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று கிளம்பும்போதே 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். இரண்டு மாட்டினால் என்னவாகும் என்று நீங்களே பார்க்கலாம். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் டிஸ்க்குகளை மாட்டுவதுதான் சரியான வழி.

போனுக்கான 65 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்த 65 வாட் 20 வோல்ட் போன்ற உயர்ந்த வோல்டேஜில் கிடைப்பது. 5 வோல்ட்டில் அது பெரும்பாலும் 3 ஆம்பியரைத் தாண்டாது. லாக்கில் ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டடு’ என்று வந்தால் பைக்குப் போகும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். மெல்லிய, நீளமான கேபிளும் இதற்குக் காரணமாகும்.

பவர் சரியாக இருந்தும் கழன்றால் யுஎஸ்பி பெட்டியின் சிப்புக்கும் யுஏஎஸ் என்ற வேக முறைக்கும் ஒத்துப்போகவில்லையா என்று பாருங்கள். அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைக்கும்படி கெர்னலுக்குச் சொல்ல முடியும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிலையாக ஓடும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

வேண்டும். எஸ்எம்பிஎஸ் தன்னுள் இருக்கும் மின்சாரத்தை வைத்துச் சமாளிப்பது ஏறக்குறைய 16 மில்லிநொடிதான். இன்வெர்ட்டரை ‘நார்மல்’ மோடில் வைத்திருந்தால் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும், சர்வர் அணைந்து எழும். ‘யுபிஎஸ்’ மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பேட்டரி தீரும் நேரத்தை இன்வெர்ட்டர் சர்வருக்குச் சொல்லாது. யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் சொல்லும். ‘நட்’ என்ற மென்பொருள் அதைக் கேட்டு முறையாக ஷட்டவுன் செய்துவிடும். ஓபன்மீடியாவால்ட்டில் இது பிளக்இன்னாகக் கிடைக்கிறது.

கரண்ட் வந்ததும் சர்வர் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் வைப்பதை நான் விரும்புவதில்லை. ஈபி கரண்ட் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில்தான் ஏற்ற இறக்கம் அதிகம். டிஸ்க் மோட்டார்கள் கிளம்புவதற்கு அது மோசமான நேரம்.

கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் ஃபில்டரின் கசிவு போக வழியில்லாமல் தகட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை முதலில் சரி செய்யுங்கள். சர்வரை விட வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காக.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, டிஸ்க்தான் பழுது. கேரண்டிக்கு அனுப்பும் முன் என்ன செய்வது?

சீரியல் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதைக் கொடுத்தால் கேரண்டி இருக்கிறதா என்று தெரியும். எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அந்தப் பெட்டியும் கேட்கப்படலாம், அதனால் கேரண்டி முடியும் வரை எறிய வேண்டாம். டிஸ்க் இன்னும் தெரிகிறது என்றால் முழுவதும் ஒருமுறை அழித்துவிட்டு அனுப்புங்கள். தெரியவே இல்லை, உள்ளே அந்தரங்கமான கோப்புகள் இருக்கின்றன, என்க்ரிப்ஷனும் போடவில்லை என்றால் அனுப்பத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பழுதென்று அனுப்பிய டிஸ்க் உங்களுக்கே திரும்பி வராது. ஸ்க்ரூக்களைக் கழற்றவோ ஸ்டிக்கரைக் கிழிக்கவோ கூடாது. பின்னில் ஒட்டிய கப்டான் டேப்பை எடுத்துவிட்டு, ஆன்டி-ஸ்டேட்டிக் உறையில் போட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் வைத்து அட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.